ஆர் கேக்கிறது?

மூன்றாவது தடவையும் சிங்களமே வந்தது.

றொஷானி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவள் எழுதிய பக்கம் முழுக்கத் தமிழ். 'இன்றைய கடல்' என்று நீல நிறத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். அதற்குக் கீழே கொழும்பிலிருந்து வந்து விழுந்த ஒற்றை வரிதான் சிங்களம். அதில் ஓர் எழுத்துக்கூட அவளுக்குத் தெரியாது.

"தமிழிலை கடிதம் போட்டால் சிங்களத்திலை பதில் வாறது இருக்கிறதுதான்," என்றாள். "கொம்பியூட்டருக்கும் உந்தப் பழக்கத்தைப் பழக்கிப்போட்டினமோ?"

பின்னால் கதிரையில் இருந்த சங்கத் தலைவர் பத்திநாதர், தன்னைத்தான் யாரோ ஏசியதுபோல நிமிர்ந்தார்.

"திருப்பிக் கேளும் பிள்ளை. கொஞ்சம் அழுத்திக் கேளும்."

"எவ்வளவு அழுத்தினாலும் இதுதான் வரும், தலைவர்."

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியை அலை அதிகம் தொடவில்லை. உதவி நிறுவனங்கள் தொடாமல் விடவில்லை. அவற்றில் ஒன்று ஊர்காவற்றுறையின் கரம்பொன் கரைக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு கணினியைக் கொடுத்தது. மீனவர்கள் தொழிலுக்குப் போகுமுன் கடலின் நிலையைத் திரையில் தமிழில் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பது நிபந்தனை. கொழும்பில் ஒரு திணைக்களம் ஒவ்வொரு கரைக்கும் அன்றாடம் ஒரு வரி எழுதித் தன் சேவர் கணினியில் வைத்திருந்தது. அந்த வரியைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டும் பக்கத்தை எழுதவே றொஷானியை வேலைக்கு எடுத்தார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து உதவிப் பணிப்பாளர் தில்லைநாதன் பார்வையிட வருகிறார். தமிழில் வரி வராவிட்டால் கணினி அனலைதீவுச் சங்கத்துக்குப் போய்விடும். அனலைதீவார் ஏற்கெனவே மேலிடத்துக்கு முறையிட்டிருந்தார்கள். ஊர்காவற்றுறைக்காரருக்கு யாழ்ப்பாணம் போக றோட்டு இருக்கிறது, எங்களுக்குக் கடலை விட்டால் வேறு வழியில்லை, கடல் செய்தி யாருக்கு அவசியம் என்று கேட்டிருந்தார்கள். கேள்வி நியாயமாக இருந்ததால் பத்திநாதருக்குக் கோபம் இன்னும் கூடியது.

கணினி போனால் றொஷானியின் வேலையும் அதே வள்ளத்தில் போகும். படிப்பு முடிந்த பிறகு ஊரோடு நிற்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்டு இந்த மேசை. கனடாவிலிருக்கும் சித்தி ஒரு மாப்பிள்ளையின் படத்தை அனுப்பிவிட்டு வாரா வாரம் விசாரித்துக்கொண்டிருந்தார். படத்தில் அவர் பனிக்குள் முழங்கால்வரை புதைந்து, கையில் பனி அள்ளும் சவளோடு நின்றார். அந்தச் சவளைத்தான் றொஷானி அடிக்கடி நினைத்துக்கொண்டாள்.

"அமலதாஸைக் கூப்பிடுங்கோ," என்றார் பத்திநாதர். "என்னதான் எழுதியிருக்கெண்டு பாப்பம்."

செயலாளர் அமலதாஸ் வாலிபத்தில் நீர்கொழும்பில் கருவாட்டுக் கடையில் நின்றவர். கண்ணாடியைச் சேட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் மூக்கு முட்டக் குனிந்தார்.

"ம்… 'நேற்றையான் மாதிரித்தான்.' பிறகு… 'அவ்வளவு மோசமில்லை.'"

"ஒரு திணைக்களம் இப்பிடி எழுதுமோ?" என்றார் பத்திநாதர். "காத்து எத்தினை மைல், அலை எத்தினை அடி எண்டெல்லோ எழுதும்? நீர் கருவாட்டுக் கடைச் சிங்களத்தை வைச்சு வாசிக்கிறீர்."

"இருக்கிறதைத்தான் வாசிச்சனான். சந்தேகமெண்டால் நீங்களே வாசியுங்கோவன்."

"எனக்கு வாசிக்கத் தெரிஞ்சால் உம்மை ஏன் கூப்பிடுறன்?"

"அப்ப நான் வாசிச்சது பிழையெண்டு எப்பிடித் தெரியும்?"

இப்படியான இடங்களில் பத்திநாதர் தேத்தண்ணி கேட்பது வழக்கம். சங்கத்தின் காவலாளி அம்புறோஸ் மூன்று கோப்பைகளோடு வந்தார். முன்னாளில் தொழிலுக்குப் போனவர். முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகு கரையோடு நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை, எல்லாரும் கூடி நிக்கிறியள்?"

"கடல் எப்பிடியெண்டு கொழும்பிலை கேக்கிறம், அண்ணை."

அம்புறோஸ் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கூப்பிடு தூரத்தில் கடல் கிடந்தது.

"ஓமோ? அங்கை இருக்கிறவைக்கு அது எப்பிடித் தெரியும்?"

"சற்றலைற் இருக்கு, அண்ணை. மேலையிருந்து பாப்பினம்."

"ஓமோ," என்று கோப்பைகளை வைத்துவிட்டு அவர் போனார்.

றொஷானி எழுதிக் கேட்டதற்கு, அன்று மத்தியானம் கொழும்புச் சேவரைப் பார்க்கும் பெடியனிடமிருந்து ஈமெயில் வந்தது. இரண்டே வரி. பதில் எந்த மொழியில் வேண்டும் என்பதைக் கேள்வியின் ஹெடரில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சிங்களம்.

"ஹெடர் எண்டால்?" என்றார் பத்திநாதர்.

றொஷானி யோசித்துச் சொன்னாள். இந்த விளக்கத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று பிறகு அவள் பல தடவை நினைத்ததுண்டு.

"தலைவர், ஒருத்தர் வந்து படலையிலை நிண்டு கூப்பிட்டால் உங்கடை வீட்டிலை என்ன கேப்பினம்?"

"ஆர், எந்த இடம், ஆற்றை பிள்ளை எண்டு கேப்பம்."

"அதைக் கேட்டுப்போட்டுத்தானே கதிரை குடுப்பியள்? அவை கேக்க முதலே, நாங்கள் ஆர், என்ன பாசையிலை பதில் வேணும் எண்டதைக் கேள்விக்கு மேலை எழுதி அனுப்பவேணும். அதுதான் ஹெடர்."

"அப்பிடிச் சொல்லுமன்!" பத்திநாதரின் முகம் மலர்ந்தது. "எங்கடை திருவிழா நோட்டீசிலை மேலை போடுறது மாதிரி."

"கிட்டத்தட்ட," என்றாள் றொஷானி.

மொழிக்கான ஹெடரை எழுதிப் போட அவளுக்குக் கொஞ்ச நேரமே பிடித்தது. இணைப்பு எடுக்கத்தான் நெடுநேரம் பிடித்தது. சங்கத்தில் இருந்தது ஒரே தொலைபேசி. மோடமும் அதே வயரில்தான் கொழுவும். வயரை மோடத்தில் கொழுவினால் தொலைபேசி வேலை செய்யாது. தொலைபேசியில் கொழுவினால் மோடம் வேலை செய்யாது. காலையில் அவள் வரும்போதெல்லாம் அம்புறோஸ் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். மணி அடிக்கும். எடுப்பார். சிரிப்பார். முழங்கால் குத்து, மருமகள், வாளைமீன் விலை என்று கதை நீளும்.

"ஆரோடை அண்ணை, காலமை காலமை உந்தக் கதை?"

"சும்மா, தெரிஞ்ச பெடியன் ஒருத்தன். சுகம் விசாரிக்கிறவன்."

"சங்கத்து லைனிலையோ சுகம் விசாரிக்கிறது?"

றொஷானி நேரே பத்திநாதரிடம் போனாள். உள்ளதையெல்லாம் சொன்னாள். ஊர் மானம் ஒரு வயரில் தொங்கும்போது ஒருவர் வாளைமீனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பதையும் சொன்னாள். பத்திநாதர் மேசையில் அடித்துத் தீர்ப்புச் சொன்னார். உதவிப் பணிப்பாளர் வந்துபோகும்வரை வயர் மோடத்தை விட்டு அசையக்கூடாது.

"காலமை ஒருக்கால் மட்டும்…" என்று இழுத்தார் அம்புறோஸ்.

"ஏலாது!" என்றார்கள் தலைவரும் றொஷானியும் ஒரே குரலில்.

அம்புறோஸ் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை இணைப்பு முதல் தடவையிலேயே கிடைத்தது. றொஷானி பொத்தானை அழுத்தினாள். திரையில் தமிழ்! நல்ல, பிழையில்லாத தமிழ். பத்திநாதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இருவரும் வாசித்தார்கள்.

'அனுமதி இல்லை. கேட்பவர் யார்?'

"என்ன?" என்றார் பத்திநாதர்.

"ஆர் கேக்கிறது எண்டு கேக்குது."

"சிங்களத்திலை தந்தபோது கேக்கேல்லையே?"

"கேக்கேல்லை."

"அப்ப, சிங்களத்திலை எண்டால் ஆரும் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். தமிழிலை எண்டால் மட்டும் ஆர் நீ, எங்கையிருந்து வாறாய்!" பத்திநாதர் எழுந்துவிட்டார். "பாதையிலை ஆமிக்காரன்தான் உந்தக் கேள்வி கேக்கிறான் எண்டு பாத்தால், வயருக்குள்ளையுமோ? சொல்லும் பிள்ளை. ஆரெண்டு சொல்லும். பயமில்லாமல் என்ரை பேரைப் போடும்!"

றொஷானிக்கும் கோபம்தான். கோபத்தில் அவள் 'கேட்பவர்' என்ற இன்னொரு ஹெடரை எழுதி, அதில் தலைவரின் பெயரைத் தமிழிலேயே போட்டாள். தமிழில் பதில் கேட்பவன் தன் பெயரை ஏன் இங்கிலீசில் எழுதவேண்டும்?

பதில் வந்தது.

'வணக்கம், ?????????? அவர்களே. இப்பெயர் பதிவில் இல்லை.'

பத்திநாதர் திரையை உற்றுப் பார்த்தார். "இது ஆர்?"

"நீங்கள்தான், தலைவர்."

"நானோ?"

"ஹெடருக்குள்ளை தமிழ் எழுத்துப் போகாதாம். வேறை எங்கையும் போகும். அதுக்குள்ளை மட்டும் இங்கிலீசு எழுத்துத்தான் போகும்."

"என்னை ஞானஸ்நானத்திலை பத்திநாதர் எண்டு கூப்பிட்டவை. கேள்விக்குறி எண்டு கூப்பிடேல்லை!" அவர் குரல் வாசல்வரை போனது. "அறுபது வருசம் இந்தக் கரையிலை இருக்கிறன். ஒரு நாயும் என்னைப் பாத்து ஆரெண்டு குலைச்சதில்லை. கண்டறியாத ஒரு பெட்டி, என்னை நிரையாக் கேள்விக்குறியாக்கி, அதுக்குப் பின்னாலை அவர்களே எண்டும் போட்டிருக்கு!"

வேறு வழியில்லாமல் றொஷானி பெயரை இங்கிலீசு எழுத்துக்கு மாற்றினாள். இப்போது வணக்கம் சரியாக வந்தது. பெயர் பதிவில் இல்லை என்பதும் அப்படியே வந்தது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் உள்ளே வந்தார்.

அமலதாஸ் திரையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார்.

"சங்கத்தின்ரை பேரிலை ஒண்டை எழுதிக் கேக்கிறது செயலாளரின்ரை வேலை," என்றார் மிக மெதுவாக. "தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிறவர். எழுதிறவர் இல்லை. அதுதான் பேர் பதிவிலை இல்லையெண்டு சொல்லுது."

"இருக்கலாம் தலைவர்," என்றாள் றொஷானி. "ஒருக்கால் போட்டுப் பாப்பமே."

தலைவரின் பெயர் இருந்த வரியை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தலைவர் பின்னால் நின்றார். அதற்குக் கீழே செயலாளர் பெயரோடு இன்னொரு வரியைச் சேர்த்தாள். கடைசியாகச் சொன்னதுதான் நிற்கும் என்பது அவள் எண்ணம். ஆனால் இந்த விடயத்தில் கணினிக்கு ஒரு குணம் உண்டு. ஒரே ஹெடரை இரண்டு தரம் கொடுத்தால் முதலாவதை அது எறியாது. நடுவில் ஒரு கொமாவைப் போட்டு இரண்டையும் கோத்து அனுப்பிவிடும்.

இருவரின் பெயர்களும் கொமாவோடு திரும்பி வந்தன. பதிவில் மட்டும் இல்லை.

"இவற்றை பேரோடை சேத்து என்னைக் கொமா போட்டுக் கட்டியிருக்கு!" என்றார் பத்திநாதர்.

"முதல் உங்கடை பேர்தானே கிடக்கு. எனக்கல்லோ கோபம் வரவேணும்," என்றார் அமலதாஸ்.

கொமா போட்டுப் பெயர்களைச் சேர்க்கலாம் என்ற செய்தி கரம்பொன்னில் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. பொருளாளர் வந்தார். தன் பெயர் இல்லாமல் சங்கம் எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை என்றார். நிர்வாக உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காலஞ்சென்ற முதல் தலைவரின் மகன் வந்து, அப்பா போட்ட சங்கத்தில் அப்பாவின் பெயருக்கு இடமில்லையா என்று கேட்டபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"செத்தவர் எப்பிடி அண்ணை கடல் எப்பிடியெண்டு கேப்பார்?" என்றாள் றொஷானி.

"நோட்டீசிலை போடுறேல்லையோ?"

பத்திநாதர் பொறுமை இழந்தார். "ஆளாளுக்கு வேண்டாம். ஒழுங்கா, முறைப்படி போடுவம். எழுதும் பிள்ளை. முதலிலை, பங்குத்தந்தை அவர்களின் ஆசியுடன்…"

"தலைவர், இது நோட்டீஸ் இல்லை."

"நீர்தானே சொன்னனீர் கிட்டத்தட்ட எண்டு?"

றொஷானி எழுதினாள். பங்குத்தந்தையின் ஆசி, காலஞ்சென்ற முதல் தலைவரின் நினைவு, தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள். பழைய உறுப்பினரில் ஒருவர் தன் பெயருக்கு முன்னால் நாரந்தனையைப் பிறப்பிடமாகவும் கரம்பொன்னை வதிவிடமாகவும் கொண்டவர் என்று போடச் சொன்னார். அதைக் கேட்ட மற்றவர்களும் தங்கள் பிறப்பிடங்களைச் சொன்னார்கள். எல்லாம் இங்கிலீசு எழுத்தில், கொமா போட்டு, ஒரு மரண அறிவித்தலின் நீளத்துக்கு வந்தது. கடல் எப்படி என்ற கேள்வி அதன் அடியில் எங்கோ கிடந்தது.

பொத்தானை அழுத்தினாள்.

'ஹெடர் அளவுக்கு மிஞ்சிவிட்டது.'

"ஆரையோ எடுக்கவேணும்," என்றாள் றொஷானி.

ஒருவரும் அசையவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தார்கள். இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார் பொருளாளர். அழுத்தினாள். இன்னொரு தடவை என்றார் அமலதாஸ். அழுத்தினாள். பிறகு திரை எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லவில்லை. கொழும்புச் சேவர் கரம்பொன் சங்கத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது.

"பாத்தீரோ," என்றார் பத்திநாதர் கசப்போடு. "முறைப்படி, மரியாதையாக் கேட்டனாங்கள். அதுக்குக் குடுத்த பரிசு."

றொஷானிக்கு அழுகை வந்தது. கோபம் அதை வெளியே விடவில்லை. கொழும்புச் சேவர்ப் பெடியனுக்கு அவள் நீண்ட ஈமெயில் எழுதினாள். சிங்களத்தில் கேட்டால் பெயர் வேண்டாம், தமிழில் கேட்டால் பெயர் வேண்டும், பெயர் சொன்னால் அது கேள்விக்குறி, எல்லோரும் பெயர் சொன்னால் கதவடைப்பு, இது என்ன நியாயம் என்று கேட்டாள். எழுதி முடித்தபோது மனம் சற்று ஆறியது. அனுப்பிய பிறகுதான் வெள்ளிக்கிழமை நினைவு வந்து, பயம் பிடித்தது.

வெள்ளி காலை அவள் எல்லோருக்கும் முந்தி வந்தாள். பதில் வந்திருந்தது.

'சகோதரி, கோபிக்கவேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பை இப்போது பதிவான சங்கங்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கிறோம். பெயரை நாங்கள் கேட்கவில்லை. உங்கள் சங்கத்தின் பதிவு இலக்கத்தைப் போட்டால் போதும். சங்கத்து முத்திரையில் இருக்கும். தடையை எடுத்துவிட்டேன். மற்றது, உங்கள் தொலைபேசி எந்த நேரமும் வேலையாகவே இருக்கிறதாம். இங்கே ஒருவர் குறைப்படுகிறார்.'

கடைசி வரிதான் அவளைச் சுட்டது. "போன் வேலையாயில்லாமல் உனக்கு எப்பிடியடா ஈமெயில் எழுதுறது?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். வாசலில் கதிரை போட்டிருந்த அம்புறோஸ் திரும்பிப் பார்த்தார்.

"என்னையோ பிள்ளை?"

"இல்லை அண்ணை. கொழும்பை."

அவள் முத்திரையைத் தேடி எடுத்து இலக்கத்தைப் பார்த்தாள். நாலே இலக்கம். பெயர்களையெல்லாம் ஹெடரிலிருந்து உருவி, வீசாமல், பக்கத்தின் உச்சியில் பங்குத்தந்தையின் ஆசியோடு தமிழில் அழகாக அடுக்கினாள். கொழும்புக்குப் போவது நாலு இலக்கம். கரம்பொன் பார்ப்பது எல்லோருடைய பெயரும். அவள் அந்தச் சங்கத்தில் செய்த வேலைகளில் இதுவே மிக நுட்பமானது. அவ்வளவு பெயர்களுக்குக் கீழே 'இன்றைய கடல்' ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றது. நேரம் போய்விட்டது, சோதித்துப் பார்க்கவில்லை. வெளியே ஜீப் வந்து நின்றது.

உதவிப் பணிப்பாளர் தில்லைநாதன் ஒல்லியான, அவசரமான மனிதர். அறை நிறைய மீனவர்கள். பத்திநாதர் வரவேற்புரையை ஆரம்பிக்க, தில்லைநாதன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேச்சு வேண்டாம். மெசின் பேசட்டும்."

பத்திநாதர் திரையில் தன் பெயரைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். றொஷானி பொத்தானை அழுத்தினாள். மோடத்தின் விளக்குகள் மினுங்கின.

'வணக்கம். கரம்பொன் கரை: தகவல் கிடைக்கவில்லை.'

எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"சிங்களத்திலை எண்டால் தகவல் இருக்கும்!" என்றார் பத்திநாதர். "தமிழிலை எண்டால் கிடைக்காது. இதை நான் முதலே சொன்னனான்!"

"சிங்களத்திலை போட்டுக் காட்டும்," என்றார் தில்லைநாதன்.

றொஷானி மொழி ஹெடரை எடுத்துவிட்டு அழுத்தினாள். அமலதாஸ் கண்ணாடியைத் துடைத்தார். குனிந்தார்.

"இதிலையும் ஒண்டுமில்லையாம்."

"சரியா வாசியும்!"

"ஒண்டுமில்லை எண்டதைப் பிழையா எப்பிடி வாசிக்கிறது?"

"மற்றக் கரையளைப் பாரும்," என்றார் தில்லைநாதன்.

றொஷானி தமிழுக்கு மாற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். மன்னார் இருந்தது, காற்றின் வேகத்தோடு. திருகோணமலை இருந்தது, அலையின் உயரத்தோடு. கற்பிட்டியும் இருந்தது. கரம்பொன் கரை மட்டும் வெறுமை.

இப்போது தில்லைநாதனுக்கும் கோபம் வந்தது. அவரும் தீவான்தான்.

"ஊரெல்லாம் இருக்கு, எங்கடை கரை மட்டும் இல்லை!" என்றார். "எங்கடை சனம் கடலுக்குப் போறதில்லையோ? சற்றலைற் எங்களைத் தாண்டேக்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டோ போகுது?"

"அப்பிடிக் கேளுங்கோ சேர்!" என்றது கூட்டம்.

"ஆனா, பிள்ளை," தில்லைநாதன் றொஷானியின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "தமிழ் வந்தது, நான் ஒத்துக்கொள்ளுறன். கடல் வரேல்லையே? வெறும் பெட்டியை இஞ்சை விட்டுட்டு நான் அனலைதீவாருக்கு என்ன சொல்லுறது? எனக்கு ஒரு வசனம் காணும். இண்டைக்கு, இந்தக் கரையைப் பற்றி, ஒரே ஒரு வசனம் இதிலை வந்தால் மெசின் நிக்கும். இல்லாட்டி நான் போகேக்கை ஜீப்பிலை ஏத்த வேண்டியதுதான்."

றொஷானிக்கு அந்தப் படத்திலிருந்த பனியும் சவளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"அந்தத் திணைக்களத்தின்ரை நம்பர் என்னட்டை இருக்கு," என்றார் தில்லைநாதன் சேட்டுப் பையைத் தடவியபடி. "எங்கடை கரையை ஏன் விட்டவை எண்டு நானே கேக்கிறன். போனைத் தாரும்."

றொஷானி மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கித் தொலைபேசியில் கொழுவினாள். தில்லைநாதன் தொண்டையைச் செருமினார். பத்திநாதர் தன் தரப்புக் குறைகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். தில்லைநாதனின் கை ரிசீவரைத் தொடுமுன் மணி அடித்தது.

வாசலிலிருந்து அம்புறோஸ், முழங்காலை மறந்து, உதவிப் பணிப்பாளரையும் தலைவரையும் விலக்கிக்கொண்டு வந்து ரிசீவரைத் தூக்கினார்.

"ஓம் தம்பி, நான்தான். எப்பிடிச் சுகம்? …முழங்காலோ, அது கிடக்கு… ஓம்… ஓம்… அப்பிடியோ?"

"அம்புறோஸ்!" என்று பத்திநாதர் பல்லைக் கடித்தார். "சேர் நிக்கிறார்! வையும் அதை!"

அம்புறோஸ் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, றொஷானியைப் பார்த்தார்.

"பிள்ளை, கொழும்புப் பெடியன்… வழக்கமாக் காலமை எடுக்கிறவனுக்கு இவ்வளவு நாளும் லைன் கிடைக்கேல்லையாம், எழுதிப் போடவேணும், இண்டைக்குக் கடல் எப்பிடியெண்டு கேக்கிறான்… நேற்றையான் மாதிரித்தான், அவ்வளவு மோசமில்லை எண்டு சொல்லிவிடட்டோ?"